நட்பின் பேரில் கொடுத்த மலை

இதில் யாருடைய பெயரும் வராது. என் பெயரைப் போடாமல் விட்ட ஒரு புத்தகத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். மற்றவர்களுக்கு மட்டும் எதற்குப் பெயர்? பேராசிரியர் என்றால் பேராசிரியர், அக்கா என்றால் அக்கா. நான் குடியிருந்தது ஜெர்மனியில், எர்லாங்கனில். வேலை பார்த்த ஆய்வகம் அங்கிருந்து ரயிலில் போகிற தூரத்தில் ஒரு சிறிய ஊரில் இருந்தது. அந்த ஊரின் பெயரும் உங்களுக்கு வேண்டாம்.

பேராசிரியர் சிக்கிமைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். இமயமலையில் ஒரு சின்ன ராஜ்யமாக இருந்தது, முந்நூறு வருடங்களுக்கு மேலாகத் தேய்ந்து தேய்ந்து கடைசியில் இந்தியாவின் ஒரு மாநிலமாக எப்படி ஆனது என்பதுதான் விஷயம். ஒவ்வொரு காலத்திலும் அதன் எல்லை எங்கே ஓடியது என்று வரைபடம் போடுவது என் வேலை. வரைவது என்று சொல்கிறேனே தவிர, பாதி வேலை கண்டுபிடிப்பது. அந்த ராஜாக்கள் கோடு போட்டு ஆண்டவர்கள் அல்ல. எந்தக் கிராமம் யாருக்கு வரி கட்டியது, எந்தக் கணவாய்க்கு அப்பால் யாருடைய மாடு மேய்ந்தது என்பதுதான் எல்லை. பழைய பத்திரங்களின் மொழிபெயர்ப்புகளையும் வெள்ளைக்கார அதிகாரிகளின் பயணக் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊராகத் தேடிப் பொருத்தி, ஆற்றோரமும் மலைமுகட்டின் மேலும் கோட்டை நகர்த்திக்கொண்டு போகவேண்டும். ஒரு வளைவுக்காக வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு. பேராசிரியரின் வாதங்கள் எல்லாம் என் கோடுகளின் மேல்தான் நின்றன. இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கருத்தரங்கு ஒன்றில் எல்லார் முன்னாலும் அவரே சொன்னார்.

என் ஒப்பந்தம் அந்தப் புத்தகத்தோடு முடிகிற ஒப்பந்தம். நீட்டிப்பதா அனுப்புவதா என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்யும். இந்த வருடங்களில் எந்த நூலில் உன் பெயர் ஆசிரியராக வந்திருக்கிறது என்று மட்டும்தான் அந்தக் குழு பார்க்கும். பெயர் இருந்தால் வேலை, வேலை இருந்தால் விசா. இல்லையென்றால் விருதுநகர்ப் பக்கம் அண்ணன் வீட்டில், துணி காயப்போடுகிற பின்னறையில், அண்ணியின் முகக்குறிப்பைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடக்கவேண்டும். விவாகரத்து வாங்கிக்கொண்டு படிக்கப் புறப்பட்டவள் நான். திரும்பிப்போனால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்கள் அதைச் சொல்லிப்பார்த்துத் தயாராகவே இருந்தார்கள்.

முதல் வரைபடம் போட்டபோது எனக்கே கர்வமாக இருந்தது. ராஜ்யம் அப்போது பெரிது. மேற்கே இன்றைய நேபாளத்துக்குள் வெகுதூரம், வடக்கே சும்பிப் பள்ளத்தாக்கு, கிழக்கே பூட்டான் மலைகளில் ஒரு பகுதி, தெற்கே சமவெளியைத் தொடுகிற வரை. பேராசிரியர் அதற்கு வெளிர் மஞ்சள் நிறம் தேர்ந்தெடுத்தார். அடுத்தடுத்த படங்களில் அந்த மஞ்சளைத் தின்பது என் தினப்படி வேலையாயிற்று.

அரசுரிமைச் சண்டையில் ராஜாவின் ஒரே தகப்பனுக்குப் பிறந்த சகோதரியே பூட்டான்காரர்களை உள்ளே கூப்பிட்டாள். கூப்பிட்டதும் வந்தார்கள். போகச் சொன்னபோது எல்லாரும் போகவில்லை. தென்கிழக்கு மூலை அவர்களோடு போயிற்று. பிறகு மேற்கிலிருந்து கூர்க்காக்கள் வந்து தீஸ்தா ஆறு வரை வழித்துக்கொண்டு போனார்கள். கூர்க்காக்களைத் துரத்த வடக்கிலிருந்து உதவி வந்தது, அந்த உதவி முடிந்து கணக்குப் பார்த்தால் சும்பிப் பள்ளத்தாக்கைக் காணோம். அடித்தவன் ஒரு பக்கம் எடுத்தான், காப்பாற்றியவன் இன்னொரு பக்கம் எடுத்தான். ராஜா ஓடி ஒளிந்து திரும்பி வரும்போதெல்லாம் வீடு ஒரு அறை சின்னதாகியிருக்கும்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். நேபாளத்தைத் தோற்கடித்து, பறிபோன நிலத்தில் கொஞ்சத்தை ராஜாவுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். நான் மஞ்சளைத் திரும்ப நிரப்பிய ஒரே படம் அது. கொஞ்ச காலம் கழித்து மிக மரியாதையாக ஒன்று கேட்டார்கள். டார்ஜிலிங் மலை குளிர்ச்சியாக இருக்கிறதாமே, நோயாளிகளை அனுப்ப நன்றாக இருக்குமே என்று. ராஜா பதிலுக்கு வேறொரு நிலத்தை எதிர்பார்த்தார். அது வரவில்லை. ஆனால் நட்பின் பேரில் கொடுக்கிறேன் என்று எழுதிய பத்திரம் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. அவருக்குக் கைம்மாறாக வந்தவை துப்பாக்கிகள், சிவப்புத் துணி, சால்வைகள். சால்வைகளில் ஒரு ஜோடி நல்ல தரம், இன்னொரு ஜோடி மட்டம். அதையும் எழுதிவைத்திருக்கிறார்கள், மட்டம் என்று.

இதைப் படித்த அன்று எனக்கு அந்த ராஜாவின் மேல் ஆத்திரம்தான் வந்தது, பரிதாபம் வரவில்லை. இவ்வளவு ஏமாளியாக ஒரு மனுஷன் இருப்பானா, வேண்டியதை வாயைத் திறந்து முதலிலேயே கேட்டுத் தொலைக்கக் கூடாதா என்று மேசையில் தட்டிக்கொண்டேன். பக்கத்து அறையிலிருந்து பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். அறுபதைத் தாண்டியவர், இளவயதில் இமயமலை முழுதும் நடந்தவர், எனக்குச் சளி பிடித்தால் மூலிகைத் தேநீர் போட்டுத் தருவார். பெரிய நாய் ஒன்று வைத்திருந்தார். அது ஆய்வகத்துக்கும் வரும், என் நாற்காலிக்கடியில் படுக்கும். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். மேடம் என்று கூப்பிடாதே, பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார். எனக்கு நாக்கு வரவில்லை. எதையும் சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்தேன்.

கையெழுத்துப் பிரதி முடிகிற சமயம், ஒரு மதியம், அவர் அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முகப்புப் பக்கம் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இங்கே உன் பெயரும் என் பெயரோடு வர வேண்டும் என்று விரும்புகிறாயா?"

எத்தனையோ மாதமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நான் சொன்னேன்: "ஐயோ, பரவாயில்லை. இது உங்கள் புத்தகம்தானே."

தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் ஒருவரும் முதல் தடவை கேட்டதற்கு ஆமாம் என்று சொல்வதில்லை. பசி காதை அடைத்தாலும் இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்போம். அதெல்லாம் முடியாது, உட்கார் என்பார்கள். ஒரு வாய் போதும் என்று இறங்கி வருவோம். அப்புறம் மூன்று தோசை சாப்பிடுவோம். முதல் தடவை வேண்டாம் என்று சொல்லாத பெண்ணை அலைஞ்சவள் என்று என் அம்மா வர்ணித்ததைக் கேட்டு வளர்ந்தவள் நான். கேட்கிறவர் இரண்டாம் முறை கேட்க வேண்டும். மூன்றாம் முறை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். இது கொடுக்கிறவர், வாங்குகிறவர் இருவருக்கும் தெரிந்த ஆட்டம்.

பேராசிரியர், "நல்லது, புரிந்தது," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்க எண்களுக்குப் போய்விட்டார்.

நான் காத்திருந்தேன். பொருளடக்கம் முடியும் வரை காத்திருந்தேன். தேநீர் வந்தபோது, இப்போது கேட்பார் என்று கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோட்டு மாட்டிக்கொள்ளும்போது வேண்டுமென்றே மெதுவாகப் பொத்தான் போட்டேன். அவர் நாயை அழைத்துக்கொண்டு, வார இறுதி நன்றாகக் கழியட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ரயிலிலும் நம்பிக்கை போகவில்லை. நாளைக்குக் கேட்பார், யோசித்துவிட்டுக் கேட்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

சில வாரம் கழித்து, 'வரைபடங்கள்' என்று போட்டு உன் பெயரை உள்பக்கத்தில் வைக்கலாம் என்றிருந்தோம், பதிப்பகத்தார் அந்தப் பக்கம் நெரிசலாக இருக்கிறது என்கிறார்கள், உனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். இப்போதாவது கேட்டேனா? இல்லை. அவர் முகத்துக்கு நேராக ஆட்சேபணை என்ற சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "உங்களுக்கு எது வசதியோ அப்படியே செய்யுங்கள்," என்றேன். இதைவிடப் பச்சையாக ஒரு தமிழச்சி எப்படி ஆட்சேபிப்பாள்? என் அம்மா அந்த வாக்கியத்தைச் சொன்னால் வீட்டில் எல்லாரும் நடுங்குவோம். பேராசிரியர் நன்றி சொன்னார்.

நான் குடியிருந்தது யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் வீட்டில், அவருடைய மகளின் அறையில். மகள் எசன் நகரில் உறவுக்காரர் வீட்டில் தங்கித் தாதிப் படிப்பு, ஜெர்மன் பாஷையில் ஆஸ்பில்டுங், செய்துகொண்டிருந்தாள். அக்கா அகதியாக வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கணவர் இல்லை. விடிவதற்கு முன்னால் பேக்கரிக்கு வேலைக்குப் போவார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், மற்ற நேரமெல்லாம் சமைப்பார். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். இரக்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உங்களுக்கென்ன விசரே தங்கச்சி? இஞ்ச ஒருக்காத்தான் கேப்பினம். வேண்டாமெண்டா வேண்டாம்தான். நான் வந்த முதல் நாள், அகதிக் காம்பிலை, போர்வை வேணுமோ எண்டு ஒருத்தி கேட்டவள். வேண்டாம், பரவாயில்லை எண்டனான். திருப்பிக் கேப்பாள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். அவள் போயிட்டாள். விடிய விடிய விறைச்சுக்கொண்டு கிடந்தன். அதோடை எனக்கு விளங்கிட்டுது."

"அப்போ நீங்க இப்பல்லாம் உடனே வேணும்னு சொல்லிடுவீங்களாக்கா?"

"வெள்ளையளோடை ஓம். எங்கடை ஆக்களோடை எப்பிடி அப்பிடிக் கதைக்கிறது? வெக்கமெல்லே."

அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஆங்கிலத்தில் வாக்கியத்தை எழுதி, ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

பேராசிரியர் முழுதும் கேட்டார். உண்மையிலேயே குழம்பிப் போனார். "நான் உன்னைக் கேட்டேனே," என்றார். "நீ வேண்டாம் என்றாய். ஏன் என்று எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. ஆனால் உன் விருப்பத்தை நான் மதித்தேன்."

மனதில் வேண்டும் என்று வைத்துக்கொண்டு வாயால் வேண்டாம் என்றேன், அது எங்கள் வழக்கம் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேணத்தனமாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது என்றார். அடுத்த பதிப்பு வந்தால் பார்க்கலாம் என்றார். இமயமலை எல்லைகளைப் பற்றிய ஒரு கனமான ஜெர்மன் புத்தகம் அடுத்த பதிப்பு வருவது என்றைக்கு என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

புத்தகம் வந்தது. பளபளவென்று இருந்தது. என் கோடுகள் எல்லாம் ஒரு மயிரிழை பிசகாமல் அச்சாகியிருந்தன. நன்றியுரையைத் தேடினேன். நூலகர்கள், மலையேறும் தோழர்கள், மறைந்த கணவர். பிறகு 'எங்கள் திறமையான இந்திய உதவியாளருக்கும்'. அதற்கடுத்த வரியில், நீண்ட நடைகளில் துணைவந்த நாய்க்கு நன்றி. நாயின் பெயரைப் போட்டிருந்தார்கள். நான் புத்தகத்தைக் கழிப்பறைக்கு எடுத்துப்போய் அந்த வரியை இன்னொரு தடவை படித்துவிட்டு அழுதேன். நாயின் மேல் எனக்குக் கோபமில்லை, அது அப்போதும் என் நாற்காலிக்கடியில்தான் படுத்திருந்தது.

குழு கூடியது. இவருடைய பெயரில் ஒன்றும் வெளியாகவில்லை என்று எழுதி, வாழ்த்துச் சொல்லி முடித்துவிட்டார்கள். வேலை போன பிறகு புது வேலை தேட அரசாங்கம் கொஞ்ச காலம் விட்டுவைக்கும். அதற்குள் கிடைத்தால் இங்கே, கிடைக்காவிட்டால் அண்ணியின் பின்னறை. கடைசி நாளன்று பேராசிரியர் என்னைக் கட்டிப்பிடித்து, புத்தகத்தில் ஒரு பிரதியும் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றும் கொடுத்தார். பிரித்தேன். சால்வை. கடைத்தெருவில் குளிர்காலத்துக்குக் குவித்துப்போட்டு விற்கிற, இயந்திரத்தில் நெய்த கம்பளிச் சால்வை. நல்ல ஜோடி யாருக்குப் போனதோ. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவர் அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ராஜ்யத்தின் கதையை. டார்ஜிலிங்குக்காகக் கொஞ்ச காலம் ராஜாவுக்கு வருடாந்தரம் ஏதோ கொடுத்தார்கள். அவருடைய ஆட்கள் இரண்டு வெள்ளைக்காரர்களைப் பிடித்து அடைத்துவைத்தபோது அதையும் நிறுத்தி, சமவெளியையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு தடவை ரோஷம் வந்ததற்கு அந்த விலை. பின்னால் திபெத் பக்கத்து எல்லையை வெள்ளைக்காரர்களும் சீனர்களும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு முடித்தார்கள். அங்கே ராஜாவுக்கு நாற்காலியே இல்லை. அப்புறம் நம் ஆட்கள். டில்லியிலிருந்து முதலில் பாதுகாப்பு வந்தது, கடைசியில் ராணுவம் அரண்மனைக்குள் வந்தது, ஒரு வாக்கெடுப்பு வந்தது, மஞ்சள் நிறம் முடிந்தது. கடைசி வரைபடத்தில் நான் செய்தது ஒரு கோட்டை மெல்லிய கோடாக மாற்றியது மட்டும்தான்.

மகளின் படிப்பு முடிந்தது. எர்லாங்கனிலேயே அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, வருகிறாள் என்றார் அக்கா. நான் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன். அக்கா அடுப்படியில் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னார்.

"இந்தக் குளிருக்குள்ளை எங்கை போகப் போறியள் தங்கச்சி? மகள் வந்தாலென்ன, நீங்கள் இருங்கோ. எப்பிடியும் சமாளிக்கலாம்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் பிறந்து வளர்ந்த குரல். அதற்கு நான் சொல்லவேண்டிய பதிலும் தெரியும்: ஐயோ வேணாம்க்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம். அவர் இன்னொரு தடவை இருங்கோ என்பார், நான் இன்னொரு தடவை வேண்டாம் என்பேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவரும் மரியாதையாகப் பிரிவோம்.

"சரிக்கா," என்றேன். "இருக்கேன்."

கரண்டி நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். சொல்வதற்கு அவர் தயாராக வைத்திருந்த அடுத்த வாக்கியத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. "ஓம்... ஓம், இருங்கோ," என்று மறுபடி குழம்பைக் கிண்டினார்.

இருந்தேன். மகள் வந்தாள். படித்து முடித்து வேலைக்குப் போகிற பெண், இரவுப் பணி முடிந்து வந்து வரவேற்பறை சோபாவில் காலை மடக்கிப் படுத்தாள். அவளுடைய அறையில், அவளுடைய கட்டிலில், கதவைச் சாத்திக்கொண்டு நான் விண்ணப்பங்கள் எழுதினேன். வரவேற்பறைப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்ததால் சாப்பாட்டு மேசையில் பாதியில் என் கணினி வந்தது. குளிர்ப்பெட்டியில் நடுத்தட்டு எனக்கு வசதியாக இருந்தது. எதற்கும் அக்கா, "பரவாயில்லை தங்கச்சி, உங்களுக்கு எது வசதியோ," என்பார். அந்த வாக்கியம் என்ன சொல்கிறது என்று உலகத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் நன்றி சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், இத்தனை செய்த மனுஷிக்கு ஏதாவது கொடுக்கவேண்டுமே என்று தோன்றியது. பெட்டியிலிருந்து சால்வையை எடுத்தேன். அக்கா பேக்கரியிலிருந்து வந்து மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். குளிரில் கை இரண்டும் சிவந்திருந்தன. அப்படியே நீட்டினேன். சால்வையை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது.

"ஐயோ, எனக்கென்னத்துக்கு தங்கச்சி இதெல்லாம்? வேண்டாம், நீங்களே போடுங்கோ," என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிக்கா," என்று அதை மடித்துத் திரும்ப என் அறைக்குக் கொண்டுபோய்விட்டேன்.